இடது பக்கம் இழுத்த ஜீப்

எங்கள் வீட்டுக்குப் புது ஜீப் வந்த அன்று அதற்கு இரண்டு மதங்களின் ஆசியும் கிடைத்தது. காலையில் பங்குத் தந்தை வந்து தீர்த்தம் தெளித்து ஜெபித்தார். அவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பியதும் எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தார். என் கணவர் இரண்டுக்கும் ஒரே பக்தியோடு கை கட்டி நின்றார். பிறகு பழங்களை நசுக்க வண்டியை முன்னால் எடுத்தார். அது நேராகப் போகாமல் இடது பக்கம் ஒதுங்கி, நான் வளர்த்துவந்த ஜெரேனியம் தொட்டி ஒன்றையும் சேர்த்து நசுக்கியது.

"திருஷ்டி கழிஞ்சுதுங்க" என்றார் ரைட்டர்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தேன். செம்மநத்தம் போகும் வழியில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் அதற்குள் ஒரு வீடும். என் மாமனார் பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்றில்தான் நான் ஓட்டப் பழகினேன். அதற்குத் தரையில் ஓட்டை, மழை பெய்தால் மேலே ஓட்டை. ஆனால் போகச் சொன்ன பக்கம் போகும். அதை விற்றுவிட்டு, பெயர் பதிந்து, பல மாதம் காத்திருந்து இவர் இந்தப் புது வண்டியை வாங்கினார். தினமும் பள்ளிக்கு ஓட்டிப்போவது நான். ஞாயிற்றுக்கிழமைகளிலும், யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலும், ஓட்டுவது அவர்.

வண்டிக்கு மூன்று குணங்கள் இருந்தன. முதலாவது, எப்போதும் இடது பக்கம் இழுக்கும். மலைப்பாதையில் இடது பக்கம் சில இடத்தில் பாறை, சில இடத்தில் பள்ளம். வண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது, கொண்டை ஊசி வளைவில் ஒடித்துத் திரும்பினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. மற்ற வண்டிகளில் பிடியைத் தளர்த்தினால் போதும், அதுவே சுழன்று வந்துவிடும். இது, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவளைப் போல, ஒடித்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். நாம் போய் இழுத்துக் கூட்டிவர வேண்டும். மூன்றாவதுதான் பெரிய குணம். வேகம் நாற்பதைத் தொடும்போது முன் சக்கரம் ஒரு குழியில் இறங்கிவிட்டால் வண்டிக்குச் சாமி வந்துவிடும். முன் சக்கரங்கள் இரண்டும் படபடவென்று ஆடும், ஸ்டீயரிங் கையை உதறும், பல் கிடுகிடுக்கும். வேகத்தை அடியோடு குறைத்தால்தான் சாமி மலையேறும்.

முதல் தடவை சாமி வந்தபோது நான் தனியாக இருந்தேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"அது உன் கை" என்றார் என் கணவர்.

"என் கையில என்ன?"

"பழைய வண்டி பிடிச்ச கை. புது வண்டிக்கு இன்னும் பழகல."

அவர் ஓட்டும்போது இழுக்கவில்லையா என்றால், இழுத்தது. வளைவுகளில் இரண்டு கையும் போதாமல் முழங்காலையும் முட்டுக்கொடுத்து ஓட்டினார். ஆனால் அதற்குள் கிளப்பில் இருந்த தோட்டக்காரர்கள் அத்தனை பேரிடமும் வண்டியைப் பற்றிப் பேசியாகிவிட்டது. எஞ்சின் சக்தியைப் பற்றி, பட்டாளத்துக்கே இதைத்தான் எடுக்கிறார்கள் என்பதைப் பற்றி. ஏமாந்தது அவருக்குப் பெரிதில்லை. ஏமாந்தது வெளியே தெரிந்துபோவதுதான் பெரிது.

நான் விடவில்லை. சேலத்தில் ஷோரூமுக்கு இருவரும் போனோம். அதன் முதலாளி நெற்றி நிறைய விபூதியும் சட்டைப்பையில் இரண்டு பேனாக்களுமாக எழுந்து வந்து வரவேற்றார். எங்களுக்குக் குளிர்பானம் வந்தது. நான் மூன்று குணங்களையும் விளக்கினேன். அவர் குழந்தையின் சேட்டையைக் கேட்கும் தாத்தாவைப் போலத் தலையாட்டினார்.

"ஏனுங்க டீச்சரம்மா, புது வண்டிங்க. புது மாப்பிள்ளை மாதிரி கொஞ்ச நாளைக்கு முறுக்கிட்டுத்தானுங்க இருக்கும். ஓட்ட ஓட்ட வழிக்கு வந்துருமுங்க."

"முறுக்கினாப் பரவாயில்லீங்க. ஆடுதுங்க."

"லேடீஸ் ஓட்டறீங்கல்லங்க. கை கொஞ்சம் லேசா இருக்கும். அதானுங்க." பிறகு என் தலைக்கு மேலாக என் கணவரைப் பார்த்தார். "ஏனுங்க சார், நீங்க ஓட்டறப்ப இழுக்குதுங்களா?"

என் கணவர் குளிர்பானத்தை ஒரு வாய் உறிஞ்சினார். "எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலீங்க" என்றார்.

இரண்டு ஆண்களும் சிரித்துக்கொண்டார்கள். அன்று மலை ஏறும்வரை நான் அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை, அவருக்கு முழங்காலில் வேலை இருந்தது.

அதற்குப் பிறகு பல முறை வண்டியை ஷோரூமில் விட்டோம். ஒவ்வொரு முறையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, டயருக்குக் கறுப்பு மெருகு பூசி, உள்ளே ஊதுபத்தி கொளுத்தித் தருவார்கள். பழுதும் நன்றாகக் குளித்துவிட்டுப் புத்துணர்ச்சியோடு திரும்பிவரும்.

நான் மேலும் நச்சரித்ததால் கம்பெனியிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். மலையைப் படத்தில் மட்டும் பார்த்தவர் போலிருக்கிறது. அடிவாரத்திலிருந்து மேலே வருவதற்குள் டாக்சியை இரண்டு இடத்தில் நிறுத்தி வாந்தியெடுத்துவிட்டு, முகம் வெளுத்து இறங்கினார். இஞ்சி டீ கொடுத்துப் படுக்கவைத்தோம். எழுந்ததும் டயரில் காற்று பார்த்தார், பானெட்டைத் திறந்து மூடினார், பம்பரை ஒரு முறை மிதித்தார். ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்தார். அது சீசன் நேரம். பலூன்காரர்களுக்கும் தேனிலவு ஜோடிகளுக்கும் நடுவே வண்டி மாட்டுவண்டி வேகத்தில் போனது. அந்த வேகத்தில் எந்த வண்டிக்குத்தான் சாமி வரும்?

"வண்டி பெர்ஃபெக்ட் மேடம். உங்க ரோடுதான் சரியில்ல" என்றார்.

"அப்ப ரோட்டை வாரண்டியில மாத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என் கணவரைப் பார்த்து, "மேடம் கொஞ்சம் டென்ஷனா ஓட்டறாங்கன்னு நினைக்கிறேன் சார். ஸ்டீயரிங்கை ரொம்ப இறுக்கிப் பிடிச்சாலும் இப்படித் தோணும்" என்றார். ஷோரூம்காரர் என் பிடி லேசு என்றார், இவர் என் பிடி இறுக்கம் என்கிறார். இவர்கள் இருவரும் ஒத்துப்போனது, தப்பு என் கையில் இருக்கிறது என்பதில் மட்டும்.

ஊரும் சும்மா இருக்குமா? வலது பக்கம் மணல் மூட்டை போடச் சொன்னார்கள். என் கணவர் மணலுக்குப் பதில் ஆட்களைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்கும் சந்தைக்கும் போகும்போது எடைபார்த்துத்தான் உட்காரவைப்பார். எங்கள் சமையல்காரம்மா கனத்த உடம்புக்காரி, அவளுக்கு வலது பக்கம். ஒல்லிக்குச்சி ரைட்டருக்கு இடது பக்கம். "வண்டியில ஒண்ணுமில்ல, சும்மா ஒரு பேலன்ஸுக்கு" என்பார். ரைட்டர் இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு, "நொம்ப சொகுசா இருக்குதுங்க சார்" என்பார். கண் மூடியிருக்கும், உதடு மட்டும் முணுமுணுக்கும். அவருடைய குலதெய்வத்துக்கு அந்த மாதங்களில் ஓய்வே கிடைத்திருக்காது.

இதில் என்னால் சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. துவைக்கிற கம்பளிகளை நானே பிழிய ஆரம்பித்தேன், கை உரமாகட்டும் என்று. ராத்திரி தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது கோடு இறங்கினால், பாழாய்ப்போன கை என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு நாள் மாரமங்கலத்துக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. ஜீப்பை வாசலிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு உறைத்தது.

இப்படி இருக்கும்போது, தை மாதத்தில் ஒரு நாள் ஷோரூம் முதலாளியே போன் செய்தார். அவருடைய மகளுக்கு ஆத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய விவசாயக் குடும்பத்தில் சம்பந்தம் பேசி முடியும் நிலையில் இருந்தது. மாப்பிள்ளைக்கு ஜீப் மேல் ஆசை.

"அவங்களாக் கேக்கலீங்க சார். நானாத்தான் சீரோட ஒரு வண்டி தரலாம்னு இருக்கறேன்" என்றார். கேட்காமலே தெரிந்துகொள்ளும் ஞானம் பெண்ணைப் பெற்றவர்களுக்கு எப்படியோ வந்துவிடுகிறது. சம்பந்தி வீட்டார் சேர்வராயன் கோவிலுக்கு வருகிறார்களாம், அப்படியே வண்டி மலையில் எப்படி ஏறுகிறது என்று காட்டவேண்டுமாம். ஷோரூமில் அப்போது கைவசம் வண்டி இல்லை. எங்களுடையதைக் கொடுத்தால் உபகாரமாக இருக்கும் என்றார்.

என் கணவர் போன் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கலவரத்தை நான் ஆற அமர ரசித்தேன்.

"தாராளமாக் குடுங்க. வண்டியிலதான் ஒண்ணுமில்லையே" என்றேன்.

ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு அவர்கள் வந்தார்கள். முதலாளி, மாப்பிள்ளையின் அப்பா, மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டியும் பெரிய மீசையுமாக இருந்தார். மாப்பிள்ளை ஒரு கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். முதலாளி தானே ஓட்டுவதாகச் சொல்லி ஏறினார். சம்பந்தி அவருக்குப் பக்கத்தில். பின்னால் எதிரெதிர் பெஞ்சுகளில் மாப்பிள்ளையும், நானும், என் கணவரும்.

கிளம்பும் முன் நான் சொன்னேன், எனக்கு மனசாட்சி உண்டு. "முப்பதைத் தாண்டாதீங்க. ஸ்டீயரிங் ஆடும்."

முதலாளி சம்பந்தியைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "டீச்சரம்மாவுக்கு எப்பவுமே பயந்தானுங்க. ஆம்பளை கைக்கு இது பூ மாதிரிங்க."

முதலில் பூ மாதிரிதான் போனது. அவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நாற்சக்கர இழுவையின் மகிமையை விளக்கினார். வண்டி இடது பக்கம் சாயச் சாய, சாலையோரம் எதையோ காட்டுவதற்காகத்தான் ஒதுங்குவது போல, "இதெல்லாம் ஆரஞ்சுத் தோட்டமுங்க" என்றார். அது ஆரஞ்சுத் தோட்டமே இல்லை. ஊரைத் தாண்டி நேரான சாலை வந்ததும், "இப்பப் பாருங்க பிக்கப்பை" என்று மிதித்தார்.

என் கணவர் கம்பியைப் பிடித்தார். நானும் பிடித்தேன். மாப்பிள்ளை மட்டும் ஸ்டைலாகக் கால் மேல் கால் போட்டிருந்தார்.

குழி வந்தது. சாமியும் வந்தது.

முதலாளியின் இன்னொரு கையும் ஸ்டீயரிங்குக்குத் தாவியது. ஆனால் ஸ்டீயரிங் இரண்டு கையையும் உதறி, அவரையும் சேர்த்து உதறியது. சட்டைப்பைப் பேனாக்கள் பறந்தன. மாப்பிள்ளையின் கறுப்புக் கண்ணாடி என் மடியில் வந்து விழுந்தது. "முருகா! முருகா!" என்று சம்பந்தி அலறினார். "காலை எடுங்க! ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுங்க!" என்று நான் கத்தினேன். முதலாளி காலை எடுத்தார், ஆனால் அதற்குள் ஜீப் தன் பிரியமான இடது பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. உண்ணிச்செடி வேலியைக் கிழித்துக்கொண்டு யாருடைய தோட்டத்துக்குள்ளோ இறங்கியது. காப்பிப் பழம் உரித்த தோலைக் கொட்டி மக்கவைத்திருந்த ஒரு மேட்டில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது.

யாருக்கும் அடி இல்லை. நாற்றம்தான். அழுகிய காப்பித்தோலின் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், புளித்த கள்ளும் சாக்கடையும் கலந்தது போல இருக்கும். கொசுக்கூட்டம் ஒன்று வந்து எங்களை விசாரித்துவிட்டுப் போனது.

சம்பந்தி மீசையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினார். "ஏனுங்க, இந்த வண்டியத்தான் எம்பையனுக்குக் குடுக்கறதாச் சொன்னீங்களா?"

"இது... இது டீச்சரம்மா ஓட்டி ஓட்டி..." என்று முதலாளி ஆரம்பித்தார்.

சம்பந்தி பின்னால் திரும்பி என் கணவரைப் பார்த்தார். "உங்க வண்டிதானுங்களே. நீங்க சொல்லுங்க. இது இப்படித்தான் பண்ணுமுங்களா?"

என் கணவர் தன் கையைப் பார்த்தார், காப்பித்தோல் மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்காமல் தவிர்த்தார். "பண்ணுமுங்க. வாங்கின நாள்லருந்து பண்ணுதுங்க" என்றார்.

அத்தனை மாதத்தில் என் கணவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. அந்த நாற்றத்திலும் எனக்கு இனித்தது.

நான் முன்னால் போய் உட்கார்ந்து, நாற்சக்கர கியரைப் போட்டு, பின்னால் எடுத்து சாலைக்கு ஏற்றினேன். முதலாளி பின்னால் வந்து உட்கார, சம்பந்தி என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கோவிலுக்குப் போகவில்லை. காப்பித்தோல் தெறித்து வேட்டி இருந்த நிலையில் சாமியே வேண்டாம் என்றிருக்கும்.

"ஏனுங்க அம்மணி, இதத் தினமுமா ஓட்டறீங்க? பயமா இல்லீங்களா?"

"பயந்தானுங்க. அதனாலதான் முப்பதுலயே போறேன்."

அவர் அதற்குப் பிறகு வழி முழுக்க வேகமுள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை ஷோரூமிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் பெட்டிப் பெட்டியாகக் கருவிகளோடு வந்தார்கள். அதுவரை வண்டியைக் குளிப்பாட்டி அனுப்பியவர்கள் அவர்கள்தான். எங்கள் வாசலிலேயே வண்டியைத் தூக்கி நிறுத்தி, முன் சக்கரங்களைக் கழற்றினார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். முன் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே, ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் ஒரு இரும்புத் தகடு இருக்கும். ஆக்ஸிலைச் சரியான சாய்வில் பிடித்து வைப்பது அதன் வேலை. அப்படிச் சாய்ந்திருந்தால்தான் சக்கரம் நேராக ஓடும், ஸ்டீயரிங்கும் தானாகத் திரும்பும். எங்கள் வண்டியில் இடது பக்கத் தகட்டைத் தொழிற்சாலையிலேயே முன்பின்னாக மாற்றிப் போட்டிருந்தார்கள். அந்தத் தகட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஆப்பு. கம்பெனி எங்களுக்கு வைத்தது என்ன என்று அதற்கு மேல் நான் விளக்கவேண்டியதில்லை.

"இத முன்னாடியே பாத்திருக்கலாமே" என்றேன்.

"எங்களுக்குச் சந்தேகந்தானுங்க அம்மா. கழட்டுங்கன்னு யாரும் சொல்லலீங்க. கழுவுங்கன்னுதான் சொன்னாங்க."

தகட்டைத் திருப்பிப் போட்டார்கள். சாயங்காலம் நான் தனியாக எடுத்துப்போனேன். முதல் வளைவில் ஒடித்துவிட்டுப் பிடியைத் தளர்த்தினேன். ஸ்டீயரிங் என் உள்ளங்கைகளுக்குள் வழுக்கிக்கொண்டு சுழன்று தானாக நேருக்கு வந்து நின்றது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. பிழிந்த கம்பளிகளும், தேய்த்த தைலமும், ஏறிய பஸ்ஸும் ஞாபகம் வந்தன. வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நாற்பதில் ஓட்டினேன், ஐம்பதில் ஓட்டினேன், தெரிந்த குழிகளிலெல்லாம் வேண்டுமென்றே இறக்கினேன். வண்டிக்குச் சாமி வரவில்லை.

என் கணவர் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் காலையில் அவரே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சகிக்காத காபி. குடித்தேன். கிளப்பில் மட்டும், கோளாறைத் தானே முதலில் சந்தேகப்பட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஷோரூம் முதலாளியும் சேலத்தில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார், "நானே மலையில ஓட்டி டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிச்சேனுங்க" என்று.

கல்யாணம் நிற்கவில்லை, சீர் வண்டியும் நிற்கவில்லை. சம்பந்தி ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தார். ஏற்காட்டு அம்மணி வந்து ஓட்டிப்பார்த்துச் சரி என்றால்தான் வண்டியை எடுப்பாராம். இதை போனில் சொல்லும்போது முதலாளியின் குரல் தொண்டையில் மூன்று இடத்தில் மாட்டியது.

போனேன். ஷோரூம் வாசலில் மாலை போட்ட ஜீப் நின்றது. முதலாளி கையில் குளிர்பானத்தோடு நின்றார். நான் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து இரண்டு பக்கமும் ஆப்பைப் பார்த்தேன். பிறகு புறவழிச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "சரியா இருக்குதுங்க" என்றேன். சம்பந்தி கும்பிட்டார். மாப்பிள்ளை புதுக் கறுப்புக் கண்ணாடி வாங்கியிருந்தார்.

அப்போதுதான் மணப்பெண்ணைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். கல்லூரி முடித்த பெண். நான் கையசைத்து வெளியே கூப்பிட்டேன்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா கண்ணு?"

"தெரியாதுங்க டீச்சர். அப்பா தொட விடமாட்டாருங்க."

இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் வண்டி விற்றவர் வீட்டுப் பெண். "ஏறு" என்றேன். முதலாளி, "எதுக்குங்க டீச்சரம்மா, நல்ல நேரத்துல..." என்று ஒரு அடி முன்னால் வந்தார். சம்பந்தி அவருடைய தோளில் கை வைத்து, "அம்மணி சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார். முதலாளி அப்படியே நின்றுவிட்டார்.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். கிளட்சைக் காட்டினேன், முதல் கியரைப் போட்டுக் கொடுத்தேன். வண்டி ஒரு முறை குதித்து நின்றது. மறுபடி குதித்தது. மூன்றாவது முறை நகர்ந்து, மாலை ஆட ஆட, ஷோரூம் முற்றத்தில் மெதுவாகப் போனது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். எதிரே சுற்றுச்சுவர் வந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதிக்கச் சொன்னேன், மிதித்தாள். சுவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பின்னால் ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏதேதோ யோசனை சொல்லிக் கத்தினார்கள்.

அவள் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கியர்க்கம்பியின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க டீச்சர், இதுல ரிவர்ஸ் எங்கிருக்குதுங்க?"